கணவாய்க் காற்றும் முயல்கூண்டும்

ஆரல்வாய்மொழி

தோவாளைப் பூச்சந்தையைத் தாண்டும்வரை காற்று சாதுவாகத்தான் இருந்தது. அங்கிருந்து சில கிலோமீட்டர்தான். ஆரல்வாய்மொழியில் இறங்கி நின்றதும் தோளில் கிடந்த துண்டு கழன்று பறந்து, சாலைக்கு மறுபக்கம் முள்வேலியில் போய்ச் சிக்கிக்கொண்டது. கடைத்தெருவில் யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. டீக்கடைக்காரர் மேற்குப் பக்கம் முதுகைக் காட்டி நின்றபடியே டீயை ஆற்றினார். சைக்கிளில் போன பெண்கள் உடம்பை முன்னால் சாய்த்து மிதித்தார்கள். தூறல் விழுந்தும் பள்ளிப்பிள்ளைகள் குடையை விரிக்கவில்லை. ஆனி மாதக் கடைசி; இந்த ஊருக்கு இது வழக்கமான நாள்.

மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே முடிகிற இடத்துக்கு அருகில் ஒரு வாய் திறந்திருக்கிறது. அரபிக்கடல் வழியாக வரும் தென்மேற்குப் பருவக்காற்று மலைச்சுவரில் முட்டி, வழி தேடி, இந்த வாய்க்குள் நெருக்கிப் புகுகிறது. நெருக்கத்தில் வேகம் கூடி, நெல்லைச் சீமைச் சமவெளியில் வந்து விழுகிறது. தமிழ்நாட்டில் இப்படி நான்கு வாய்கள் உண்டு: ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, கம்பம், பாலக்காடு. 1986இல் தூத்துக்குடிக்குப் பக்கத்தில் முள்ளக்காட்டில் முதல் காற்றாலைகள் நின்றன. அதற்குப் பிறகு இந்த நான்கு கணவாய்களின் எதிரிலும் காற்றாலைகள் முளைத்தன. முப்பந்தல் இசக்கியம்மன் கோயில் வாசலில் நின்று எந்தத் திசையில் பார்த்தாலும் அவைதான் சுழன்றுகொண்டிருக்கின்றன.

நான் மன்னார்குடிப் பக்கத்துக்காரன். எங்கள் ஊரில் காற்று ஆண்டு முழுக்க வயல்மேல் மெதுவாகப் போகும். பிறகு ஏதோ ஒரு ஐப்பசியிலோ கார்த்திகையிலோ ஒரே இரவில் வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகும். 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல் அப்படித்தான் வந்தது. தென்னைகள் விழுந்ததைத் தமிழ்நாடே பார்த்தது. கொல்லைப்புறத்துக் கொட்டகைகளில் இருந்த கோழியும் ஆடும் முயலும் என்னவாயின என்று யாரும் அதிகம் பேசவில்லை. இப்போது எங்கள் பக்கத்தில் இளைஞர்கள் மறுபடி முயல் வளர்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். கூண்டுகள் பளபளவென்று இருக்கின்றன. அவற்றின்மேல் தகரம், தகரத்தின்மேல் நாலு செங்கல். ஆண்டில் நான்கு மாதம் காற்றோடு குடித்தனம் நடத்துகிறவர்கள் கூண்டை எப்படிக் கட்டுகிறார்கள் என்று பார்க்கத்தான், நான்கு கணவாய்களையும் தெற்கிலிருந்து வடக்காகத் தொட்டுப் போகும் இந்தப் பயணம்.

ஊருக்கு வெளியே தோட்டத்து வீடு ஒன்று. வீட்டுக்காரம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேலிருக்கும். பேரனுக்காக வாங்கிய முயல் பெருகி, இப்போது வரிசையாகக் கூண்டுகள். வீடு மேற்கே நின்று காற்றைத் தாங்க, கூண்டுகள் கிழக்கே மறைவில் இருந்தன. ஆனால் வீட்டின் மூலைக்கு நேராக இல்லை. நடுவாக, சற்றுத் தள்ளி. ஏன் அந்த இடம் என்று கேட்டேன்.

“மூலையில காத்து திரும்பும் மக்ளே. திரும்புறப்ப இன்னும் வேகமா வரும். சருகு எங்க ஒதுங்குதுன்னு பாரு. சருகு அசையாம கிடக்குற எடத்துலதான் நானும் கூண்ட வச்சேன்.”

காற்றின் வேகத்தை அளக்கும் கருவி கையில் இல்லாதவர்களுக்கு இதைவிட நல்ல வழியை நான் இதுவரை கேட்டதில்லை. கூண்டு வாங்குவதற்கு முன்பே, காற்றுக்காலத்தில் ஒரு வாரம் தோட்டத்துச் சருகைக் கவனித்தால் போதும்.

கொட்டகையின் கூரை ஒற்றைச் சரிவு. மேற்குப் பக்கம் என் மார்பளவுக்குத் தாழ்ந்திருந்தது, கிழக்குப் பக்கம் உயர்ந்திருந்தது. திறந்த வாய் காற்றுக்கு மறைவான கிழக்குத் திசையில். வாயைக் காற்றுக்கு நேராக வைத்துப் பின்பக்கத்தை அடைத்துவிட்டால், உள்ளே புகுந்த காற்றுக்கு வெளியேற வழியில்லாமல் அது கூரையைக் கீழிருந்து தூக்கும். அதே நேரம் கூரைக்கு மேலே பாய்ந்து போகும் காற்று மேலிருந்து உறிஞ்சும். கூரை பறப்பது தள்ளுவதால் மட்டும் அல்ல. பெரும்பாலும் இந்த இரண்டும் சேர்வதால்தான்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கும் காற்று, ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறக்குறைய 6 கிலோ பாரத்துக்குச் சமமான அழுத்தம் தரும். வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்கு: 72 கிலோமீட்டரில் 24 கிலோ. மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு: 108 கிலோமீட்டரில் 55 கிலோ. எட்டடிக்கு மூன்றடித் தகரம் ஒன்றின்மேல் அது ஏறக்குறைய 120 கிலோ. கஜாவின் காற்று அந்த 108ஐயும் தாண்டியது. நாலு செங்கல்லின் எடை என்ன என்று எங்கள் பிள்ளைகள் தூக்கிப் பார்த்துக்கொள்ளட்டும்.

அந்த அம்மாவின் கூரையில் ஒரு கல்கூட இல்லை. தகரத்தைக் குழாயோடு கொக்கி ஆணி பிடித்திருந்தது, குழாயைக் காலோடு இரும்புப் பட்டை பிடித்திருந்தது. இவை போக, கூரைக்கு மேலாக இரண்டு இடத்தில் தடித்த கம்பி ஓடி, இருபக்கமும் தரைக்குள் இறங்கியது. தரைக்கடியில் முழங்கால் ஆழத்தில் கருங்கல்லைப் புதைத்து, அதில் கம்பியைச் சுற்றியிருந்தார்கள்.

“கல்ல கூரைக்கு மேல வச்சா பிரயோஜனம் இல்ல மக்ளே. மண்ணுக்கடியில வைக்கணும்” என்றார். மேலே வைத்த கல், காற்று கூரையைத் தூக்கும் நொடியில் பறந்துபோய் யார் தலையிலாவது விழும். மண்ணுக்கடியில் இருக்கும் கல் கூரையைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடிக்கும். மதியம் மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் போட்டார். காற்றுச் சத்தத்தில் எல்லாரும் சற்று உரக்கவே பேசினோம்.

செங்கோட்டை

இங்கே காற்று ஈரத்தோடு வருகிறது. குற்றாலத்தில் சாரல் கட்டிவிட்டது. மலைமுகடு கண்ணில் படவே இல்லை. கேரள எல்லையோரக் கடை ஒன்றில் பரோட்டாவும் நாட்டுக்கோழிக் குழம்பும் சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தால், பக்கத்து வீட்டுத் திண்ணையோரம் ஒரு கூண்டு. உள்ளே இரண்டு வெள்ளை முயல்கள். காற்றுப் படாமலிருக்கச் சுற்றிலும் கோணிச்சாக்கு கட்டியிருந்தார்கள். சாக்கு முழுவதும் நனைந்து சொட்டியது.

முயலுக்குக் குளிர் பெரிய பகை அல்ல. உரோமத்துக்குள் சிறைப்பட்ட காற்று அதன் உடல்சூட்டைக் காக்கும். உலர்ந்து இருக்கும்வரை, நம்மை நடுங்க வைக்கும் குளிரை அது எளிதாகத் தாங்கும். உரோமம் நனைந்தால் அந்தக் காப்பு போய்விடும். நனைந்த உடம்பின்மேல் காற்றும் பட்டால் சூடு விரைவாக இறங்கும். நனைந்த சாக்கு கூண்டுக்குள் ஈரத்தைத்தான் ஊட்டும். வீட்டுக்காரப் பெண்ணிடம் இதைச் சொன்னேன். அவர் உடனே சாக்கை அவிழ்த்துவிட்டு, பழைய அரிசிப் பிளாஸ்டிக் பையை வெட்டி மேற்குப் பக்கம் மட்டும் இழுத்துக் கட்டினார். சாரல் காலத்தில் சாக்கைவிட அது நல்லது.

கம்பம்

கம்பம் பள்ளத்தாக்குக்குள் நுழைந்ததும் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரின் பச்சை. வீடுகளிலும் கடைகளிலும் பென்னிகுவிக் படம் மாட்டியிருக்கிறார்கள். 1895இல் அணை கட்டி முடித்த வெள்ளைக்காரப் பொறியாளரை இன்றும் குலசாமிக்குப் பக்கத்தில் வைக்கும் நன்றி எங்கள் காவிரிப் படுகையில்கூட இந்த அளவுக்குக் கிடையாது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சை, பந்தல்களில் கருநீலமாகத் தொங்கியது. தோட்டத்திலேயே பறித்துத் தின்றேன். விதையைத் துப்ப மனம் வரவில்லை.

வாழைத்தோட்டத்தைப் பார்த்தால் இந்தப் பள்ளத்தாக்குக்காரர்கள் காற்றுக்கு எவ்வளவு அஞ்சுகிறார்கள் என்று தெரியும். குலை தள்ளிய மரத்துக்கெல்லாம் சவுக்குக்கம்பு முட்டு, மரத்துக்கு மரம் கயிறு. ஒரு பலத்த காற்றில் ஓராண்டு உழைப்பு சாய்ந்துவிடும்.

திராட்சைத் தோட்டத்து ஓரத்தில் ஒரு தம்பி முயல் வளர்க்கிறார். கொட்டகையை ஒட்டி மேற்கே ஏழடி உயரத்துக்கு ஹாலோ பிளாக் சுவர். சுவரில் ஒரு கல் விட்டு ஒரு கல்லாக ஓட்டைகள். முதலில் அப்படிக் கட்டவில்லையாம்.

“செவரு கட்டுனா காத்து நின்னுரும்னு நெனச்சேண்ணே. செவத்துக்கு அங்கிட்டு ஏறி இங்கிட்டு குதிச்சிருச்சு. கூண்டுக்குள்ள தூசியும் வைக்கோலும் சுத்துது. முயலுக்கெல்லாம் ஒரே தும்மல்.”

அடைத்த சுவரில் மோதும் காற்று நிற்பதில்லை. மேலே ஏறி, சுவருக்குப் பின்னால் அழுத்தம் குறைந்து கிடக்கும் இடத்துக்குள் சுழன்று விழுகிறது. பாதி அடைப்பும் பாதி திறப்புமாக இருக்கும் தடுப்பில் ஒரு பங்கு காற்று மெதுவாக ஊடுருவி வந்து அந்த இடத்தை நிரப்பிவிடுவதால், மேலே போகும் காற்று கீழே குதிப்பதில்லை. அதனால்தான் மரவரிசை, மூங்கில் தட்டி, பாதிக்குப் பாதி நிழல்வலை ஆகியவை சுவரைவிட நன்றாக வேலை செய்கின்றன. ஆறடி உயரத் தடுப்பு, தனக்குப் பின்னால் ஏறக்குறைய அறுபதடி தூரம்வரை காற்றைத் தணிக்கும். மிக அமைதியான இடம் தடுப்பை ஒட்டி இல்லை. இருபதடியிலிருந்து முப்பதடிக்குள் இருக்கும்.

தம்பி சுவரை இடிக்கவில்லை. ஓட்டை போட்டார், கூண்டுகளைப் பின்னால் நகர்த்தினார், சுவருக்கு முன்னால் அகத்தியும் சவுண்டலும் நெருக்கமாக நட்டார். இரண்டும் முயலுக்கு அளவோடு தரும் பசுந்தீவனமுமாகும். தும்மல் குறைந்துவிட்டது என்றார். முயலின் தும்மலை எளிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தூசியும் மூத்திர நெடியும் மூக்கையும் நுரையீரலையும் புண்ணாக்கினால், பாஸ்டுரெல்லா என்ற நுண்ணுயிர் அங்கே குடியேறிவிடும். பிறகு ஒரு கூண்டோடு நிற்காது.

கொடைக்கானல், பூம்பாறை

நான்காவது கணவாய்க்குப் போகும் முன் மலையேறினேன். கொடைக்கானல் நகரத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. கூட்டம், ஹாரன், சாக்லேட் கடை. கஜா எங்கள் கடற்கரையிலிருந்து கிளம்பி உள்நாடு முழுவதையும் கடந்து இந்த மலைவரை வந்து மரங்களைச் சாய்த்தது என்பதைத் தேநீர்க் கடையில் ஒருவர் நினைவுபடுத்தினார். வலுக் குறைந்த பிறகும் அவ்வளவு தூரம்.

நகரத்தைத் தாண்டி மேற்கே போகப் போகத்தான் மலை தன் முகத்தைக் காட்டுகிறது. வளைவொன்றில் திரும்பியதும் பள்ளத்தில் பூம்பாறை தெரிந்தது: ஓட்டு வீடுகள், குழந்தை வேலப்பர் கோயில், சுற்றிலும் படிப்படியாக இறங்கும் வயல்கள். வீட்டு வாசலெல்லாம் மலைப்பூண்டு காய்ந்தது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பூண்டு இது. பல் சிறியது, காரம் பெரியது. புளி குறைத்து, பூண்டு நிறையப் போட்டு வைத்த குழம்பைச் சுடுசோற்றில் ஊற்றிக் கொடுத்தார்கள். எங்கள் ஊர் வற்றல்குழம்பு தின்று வளர்ந்த நாக்குக்கு அது புதிய ருசி.

இங்கே கட்டடங்கள் நிற்கும் இடத்தைக் கவனித்தேன். வீடுகளும் மாட்டுக்கொட்டில்களும் சரிவின் கிழக்கு மடியில், மேட்டுக்குக் கீழே ஒதுங்கியிருக்கின்றன. முகட்டின்மேல் எதுவும் இல்லை. முகட்டில் ஏறும்போது காற்று வேகம் கூடும் என்பதை இந்த ஊரைக் கட்டியவர்கள் அறிந்திருந்தார்கள்.

மன்னவனூர்

புல்வெளியும் ஏரியும் செம்மறிகளுமாக மன்னவனூர் திறந்து கிடக்கிறது. கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரம். மார்கழி, தையில் உறைபனி விழும் ஊர். ராஜஸ்தான் அவிகாநகரில் 1962இல் தொடங்கிய மத்தியச் செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் இங்கேதான் இருக்கிறது. பாரத் மெரினோ செம்மறிகளோடு, ஒயிட் ஜெயண்ட், சோவியத் சின்சில்லா போன்ற இறைச்சி முயல்களும் இங்கே வளர்கின்றன. தமிழ்நாட்டில் முயல் வளர்ப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த மையத்தின் பெயரைச் சொல்லாமல் இருப்பதில்லை. சுற்றுவட்ட விவசாயிகள் சிலர் வீட்டுப்பக்கமும் கூண்டு வைத்திருக்கிறார்கள். அப்படி ஒரு வீட்டில் தங்கினேன்.

சாயங்காலம் புல்வெளியோரம் நடந்தபோது, காலடியிலிருந்து ஒரு காட்டுமுயல் கிளம்பி ஓடி மறைந்தது. அது கிடந்த இடத்தைப் பார்த்தேன். புல்லுக்குள் உடம்பளவுக்கு ஒரு சிறு பள்ளம். கை வைத்தால் வெதுவெதுப்பு. நம் நாட்டுக் காட்டுமுயல் வளை தோண்டாது. திறந்த வெளியில் புல்லை மறைவாக்கிக்கொண்டு பதுங்கும். அதன் குட்டி உரோமத்தோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். அதைப் பிடிப்பதும் கொல்வதும் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

நாம் கூண்டில் வளர்ப்பது வேறொரு பிராணி. ஸ்பெயினும் போர்ச்சுகலும் அதன் பூர்வீகம். மண்ணுக்குள் வளை தோண்டி, கூட்டமாக வாழும் இனம். குட்டிகள் உரோமமில்லாமல், கண் மூடி, இருட்டறையில் பிறக்கும். மேலே எந்தப் புயல் அடித்தாலும் வளைக்குள் காற்று அசையாது. அப்படிப்பட்ட பிராணியை, நோயும் பாம்பும் கீரியும் அண்டாமலிருக்க, தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் கம்பிவலைமேல் நிறுத்தியிருக்கிறோம். அதற்கு இப்போது நாலு பக்கமும் காற்று, அடியிலும் காற்று. மண்ணை அதனிடமிருந்து எடுத்தவர்கள் நாம். மண் தந்த காப்பைத் திருப்பித் தரும் கடனும் நமக்கு உண்டு. முயல்கூண்டையும் காற்றையும் பற்றி எனக்குச் சொல்ல இருப்பதெல்லாம் இந்த ஒன்றிலிருந்துதான் வருகிறது.

இரவு ஏற ஏறக் காற்று வலுத்தது. மூடுபனி சன்னல் வழியாக உள்ளே வந்தது. பத்து மணிக்கு மேல் வெளியே ‘தொம், தொம்’ என்று ஒரு சத்தம். ஆபத்து என்று தோன்றினால் முயல் பின்னங்காலால் தரையை அடித்துக் காட்டும். ஒன்று அடித்தால் மற்றவையும் அடிக்கும். வீட்டுக்காரர் டார்ச்சை எடுப்பதற்குள் அவர் மனைவி வெளியே போய்விட்டார். நானும் போனேன்.

படுதாவின் ஒரு மூலை அவிழ்ந்து தகரத்தில் அறைந்துகொண்டிருந்தது. காற்றின் வேகத்தைவிட அந்த அறையும் சத்தம்தான் முயலை அதிகம் கலக்குகிறது. அதற்குக் காதுதான் உயிர். நாய் வருகிறதா, பூனை வருகிறதா என்று கேட்டே பிழைக்கும். இரைச்சலில் எதுவும் கேட்காதபோது அது நிலைகொள்ளாது. மிரண்டு கூண்டில் முட்டித் துள்ளும்போது தன் பின்னங்காலின் வலுவாலேயே முதுகெலும்பை முறித்துக்கொள்ளும் முயல்களும் உண்டு.

அந்த அம்மா படுதாவைக் கயிற்றால் கட்டவில்லை. பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் வெட்டி வைத்திருந்தார். அதை முழுக்க இழுத்து ஆணியில் மாட்டினார். கயிறு தளரும், உராய்ந்தால் அறும். ரப்பர் காற்றோடு நீண்டு திரும்பவும் இழுத்துக்கொள்ளும். படுதா துடிப்பதை நிறுத்தியது. கொஞ்ச நேரத்தில் கால் அடிக்கும் சத்தமும் நின்றது.

பிறகு டார்ச்சைக் கையால் பாதி மறைத்து, ஒரு கூண்டின் மூலையிலிருந்த குட்டிப் பெட்டியைக் காட்டினார். மரப்பெட்டி, ஒன்றரை அடி நீளம், ஒரு அடி அகலம். வாய் கிழக்கே. உள்ளே காய்ந்த புல், அதன்மேல் தாய் தன் வயிற்றிலிருந்து பிடுங்கிப் போட்ட உரோமம். உரோமம் லேசாக மேலும் கீழும் அசைந்தது, அடியில் குட்டிகள். பிறந்து மூன்று நாள் ஆகியிருந்தது.

“கண்ணு தொறக்குற வரைக்கும் எனக்குத் தூக்கம் கெடையாதுண்ணே. ஒரு ராத்திரி காத்து பட்டாப் போதும், வெறைச்சுப் போயிரும்.”

கண் திறக்கப் பத்துப் பன்னிரண்டு நாளாகும். அதுவரை குட்டிகளுக்குச் சொந்தமாக உடல்சூடு போதாது; கூட்டுக்குள் 30 பாகைக்கு மேல் வெதுவெதுப்பு வேண்டும். ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்துதான் அதைக் காத்துக்கொள்கின்றன. தாய் நாளுக்கு ஒரு முறை, சில நிமிடங்கள் மட்டுமே பால் கொடுத்துவிட்டு வெளியே போய்விடும். அந்தச் சில நிமிடங்களில் தகரம் ஒன்று ‘தடால்’ என்று அடித்தால், மிரண்டு துள்ளும் தாயின் காம்பைப் பிடித்தபடியே ஒரு குட்டி பெட்டிக்கு வெளியே இழுபட்டு வந்து கம்பிவலையில் விழும். நாயும் பூனையும் குட்டியை வாயில் கவ்வித் தூக்கிவரும், முயல் தூக்காது. விழுந்த குட்டி விழுந்த இடத்திலேயே விறைத்துவிடும். காலையில் செத்த குட்டியைப் பார்ப்பவர், தாய்க்குப் பாசமில்லை என்று சொல்லிவிட்டுப் போவார். கொன்றது சரியாக முடுக்காத ஒரு ஆணியாக இருக்கலாம்.

காலையில் வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் அவர்களின் ஏற்பாடு முழுமையாகப் புரிந்தது. தோட்டத்தின் மேற்கு எல்லையில் மூங்கில் தட்டி, இடைவெளி விட்டுக் கட்டியது. அதிலிருந்து பத்து எட்டு தள்ளிக் கூண்டுகள். கூண்டின் மேற்கு முகத்தில் பலகை, ஆனால் கீழிருந்து மூன்றில் இரண்டு பங்கு உயரம் மட்டும். கிழக்கு முகம் முழுக்கத் திறந்த வலை. கூண்டுக்கு அடியிலும் மேற்குப் பக்கம் மட்டும் தரைவரை பலகை இறக்கியிருந்தார்கள். புழுக்கையும் மூத்திரமும் விழுந்து காய, மறுபக்கம் திறந்திருந்தது. கூண்டின் கால்கள் விரிந்து சாய்ந்து நின்றன. நான்கும் மண்ணில் அடித்த முளையோடு கட்டப்பட்டிருந்தன. எல்லாக் கூண்டுகளும் ஒரே சட்டத்தில் சேர்ந்திருந்ததால் ஒன்று தனியாகச் சாய வழியில்லை. தனிக்கூண்டு ஒன்று உருண்டால், வலையைத் தாண்டி வரமுடியாத நாய்க்குக் கதவு திறந்துவிட்டது போல ஆகிவிடும்.

அவர்கள் காற்றை எங்கேயும் முழுதாக அடைக்கவில்லை. தட்டி ஒரு பங்கைக் குறைத்தது, பலகை ஒரு பங்கைத் திருப்பியது, மிஞ்சியது முயலின் தலைக்கு மேலாக மெதுவாகப் போய் நெடியை வெளியே எடுத்துச் சென்றது. இந்த அளவு தெரிந்துவிட்டால் குளிர்மலையிலும் வளர்க்கலாம், எங்கள் வெயிலூரிலும் வளர்க்கலாம். வெயிலூரில் காற்றை முழுவதும் அடைப்பது இன்னும் பெரிய கேடு. முயலுக்கு வியர்க்காது, காதின் வழியாகத்தான் சூட்டை வெளியேற்றும். 30 பாகையைத் தாண்டினாலே அதற்குத் திணறல் தொடங்கிவிடும்.

உடுமலை

மலையிறங்கிப் பழனியில் பஞ்சாமிர்தம் வாங்கிக்கொண்டு உடுமலைப்பேட்டை போனபோது ஆடி பிறந்துவிட்டது. பாலக்காட்டுக் கணவாய் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலம். ஆரல்வாய்மொழியில் நெருக்கி அடிக்கும் காற்று இங்கே அகன்று, இரவும் பகலும் ஒரே சீராகத் தள்ளுகிறது. தென்னைகள் எல்லாம் ஒரே திசையில் கீற்றை வீசிக்கொண்டு நிற்கின்றன. வெயில் உண்டு, ஆனால் உடம்பில் உறைக்கவில்லை. எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் வளர்ந்த எனக்கு அங்கேயே இருந்துவிடலாம் என்று தோன்றியது.

தோட்டத்தைச் சுற்றிக் கிளுவை உயிர்வேலி போட்ட ஒரு பெரியவர் வீட்டில் அரிசியும் பருப்பும் சோறு, மேலே நெய். பல்லடம், உடுமலை வட்டாரத்தில் கறிக்கோழிப் பண்ணைகள் அதிகம். அவரும் பல ஆண்டு கோழி வளர்த்தவர். இப்போது பழைய கொட்டகையின் ஒரு பகுதியில் முயல். பக்கவாட்டுப் படுதாவைக் கப்பியில் ஏற்றி இறக்கும் ஏற்பாட்டை முயலுக்கும் அப்படியே வைத்திருந்தார். அதில் நான் கவனித்தது, படுதா மேலிருந்து கீழே இறங்கவில்லை. கீழிருந்து மேலே ஏறியது.

“கீழிருந்து மேல ஏத்தோணுங்க. மேல ஒரு அடி எப்பவும் தொறந்தே இருக்கோணும். இல்லீன்னா மூத்திர நெடி உள்ளயே நின்னுக்கும். முயலு கீழதானுங்க உக்காந்திருக்குது, அதுக்குக் கீழ மறைச்சாப் போதுமுங்க.”

வேலியோரத்தில் வேலிமசாலும் முயல்மசாலும் தழைத்திருந்தன. காற்றைத் தணிக்கும் செடிகளையே தீவனமாகவும் நடும் வழக்கம் கம்பத்திலும் இருந்தது, இங்கும் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் கூண்டுக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு வேலியைக் கடைசிக்கு விட்டுவிடுகிறோம். முதலில் நடவேண்டியது வேலி. அது வளர ஓராண்டு ஆகும். கூண்டு ஒரு நாளில் வந்துவிடும்.

இந்த ஊர்க்காரர்கள் எல்லாரும் ஆண்டுதோறும் வரும் காற்றுக்காகக் கட்டுகிறார்கள். மன்னார்குடி, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்தில் நாங்கள் எதிர்பார்க்க வேண்டியது வேறு வகைக் காற்று. புயலின் காற்று ஒரே திசையில் வராது. மையம் கடக்கும்போது திசை மாறி, மறைவாக இருந்த பக்கத்தையே அடிக்கும். அந்த இரவில் தட்டியையும் படுதாவையும் நம்ப முடியாது. இறுக்கக் கட்டிய படுதா அப்போது பாய்மரமாகிக் கூண்டையே இழுத்துச் சாய்க்கும்.

ஆகவே காவிரிப் படுகையிலும் கடற்கரையிலும் முயல் வளர்ப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். புரட்டாசி முடிவதற்குள் கூரைக்கம்பியை மண்ணுக்குள் இறக்கிவிடுங்கள். கொக்கி ஆணிகளை ஒவ்வொன்றாக முடுக்குங்கள், துருப்பிடித்ததை மாற்றுங்கள். கூண்டுகளை ஒரே சட்டத்தில் சேர்த்து முளையடியுங்கள். கொட்டகைமேல் சாயக்கூடிய தென்னை மட்டையையும் முருங்கைக் கிளையையும் கழித்துவிடுங்கள். வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் என்ற செய்தி வந்த அன்றே, முயல் கொள்ளும் அளவுக்குக் கூடைகளையும் காற்றுப் போகும் பெட்டிகளையும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். புயல் எச்சரிக்கை வந்ததும் கொட்டகையின் படுதாவை அவிழ்த்துச் சுருட்டிவிட்டு, குட்டிப் பெட்டியோடு தாயையும் சேர்த்து எல்லாவற்றையும் காரை வீட்டுக்குள் கொண்டுபோய்விடுங்கள். வீட்டில் இடமில்லையென்றால் பக்கத்து வீட்டில் கேளுங்கள். எங்கள் ஊரில் யாரும் மறுக்க மாட்டார்கள்.